கவுண்டி இருக்கு, ஆபீஸ் இல்ல: நியூ பிரன்சுவிக்கின் கெண்ட்

இந்த வாரம் டெக் எபிசோட் இல்ல. ஆனா ஒரு சின்ன டெக் பிரச்சினையில இருந்துதான் ஆரம்பிக்குது.

நான் இருக்கிறது கனடாவோட கிழக்குக் கரையில, நியூ பிரன்சுவிக் மாகாணத்துல, மோங்டன் ஊர்ல. போன மாசம் வேலையில ஒரு முகவரி ஃபார்ம் பண்ண வேண்டியிருந்துச்சு. நாடு, மாகாணம், அதுக்குக் கீழ கவுண்டி. பட்டியல் உடனே கிடைச்சிடுச்சு, மொத்தம் 15 கவுண்டி. சரி, ஒவ்வொரு கவுண்டி ஆபீஸோட போன் நம்பரையும் சேர்த்துடலாம்னு தேடுறேன், ஒண்ணு கூட கிடைக்கல. பக்கத்து சீட்ல இருக்கிறவர் கெண்ட் கவுண்டிக்காரர். சிரிச்சுட்டே சொன்னார்: "தேடாத தம்பி, அதை 1967-லயே மூடிட்டாங்க."

(அவர் தமிழ்ல சொல்லல, "தம்பி" நான் சேர்த்தது.)

விஷயம் உண்மைதான். கவுண்டி மேப்ல இருக்கு, நிலப் பதிவுல இருக்கு, மக்கள்தொகைக் கணக்கெடுப்புல இருக்கு. ஆனா கவுண்டிக்குன்னு ஒரு கவுன்சில், ஒரு வரி, ஒரு ஆபீஸ், எதுவும் கிடையாது. ஏன் மூடினாங்க, மூடினது நல்லதா கெட்டதான்னு அவர்கிட்ட கேட்டேன். அந்த மதிய சாப்பாடு ரெண்டு மணி நேரம் ஓடிடுச்சு. அதுக்கப்புறம் நானும் நிறைய படிச்சேன். அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல்ல இடம். மோங்டன்ல இருந்து வடக்க, கடலோரமா 11-ஆம் நம்பர் ரோட்டைப் பிடிச்சா கெண்ட் வந்துடும். கிழக்குப் பக்கம் நார்தம்பர்லேண்ட் ஜலசந்தி. புக்டூஷ், ரிச்சிபக்டோ, கூஷிபுக்வாக்னு ஆறுகள் அதுல வந்து விழுது. இந்தப் பேர் எல்லாம் மிக்மாக் பழங்குடி மக்களோட மொழியில இருந்து வந்தது. கரையோரம் மீன்பிடித் துறைமுகம், சிங்கி இறால், சிப்பி. புக்டூஷ்ல கடலுக்குள்ள 12 கிலோமீட்டர் நீட்டிக்கிட்டுப் போற ஒரு மணல் திட்டு இருக்கு, கோடையில அவசியம் பாக்கணும். கரையை விட்டு உள்ள போனா காடு, காடு, காடு. சுமார் 4,500 சதுர கிலோமீட்டர்ல ஏறக்குறைய 30,000 பேர்தான் இருக்காங்க. பெரிய ஊர்னு ஒண்ணு கிடையாது. வீடுகள் ரோட்டு ஓரமா வரிசையா நீண்டுட்டே போகும். நிறைய பேருக்குச் சொந்தக் கிணறு, சொந்த செப்டிக் டேங்க்.

மக்கள்ல பெரும்பான்மை பிரெஞ்சு பேசுற அக்கேடியர்கள். 1755-ல பிரிட்டிஷ்காரங்க இவங்க முன்னோர்களைக் கூட்டம் கூட்டமா கப்பல்ல ஏத்தி நாடு கடத்தினாங்க. தப்பிச்சவங்களும் திரும்பி வந்தவங்களும் பழைய நல்ல நிலம் கைவிட்டுப் போனதால இந்த மாதிரி ஓரங்கள்ல குடியேறினாங்க. இவங்களோட, எல்சிபுக்டுக்ல பெரிய மிக்மாக் சமூகம் ஒண்ணு. ரெக்ஸ்டன் மாதிரி ஆங்கிலம் பேசுற ஊர்களும் உண்டு. பிரிட்டிஷ் பிரதமரா இருந்த போனர் லா பிறந்தது அந்த ரெக்ஸ்டன்லதான். இந்தப் பக்கத்துல பேசுற பிரெஞ்சுக்கு ஷியாக்னு பேர். பிரெஞ்சு வாக்கியத்துக்குள்ள ஆங்கில வினைச்சொல் வந்து உட்கார்ந்துக்கும். கிட்டத்தட்ட நான் இந்த எபிசோட்ல பேசுற மாதிரி.

இப்ப 1967-க்கு வருவோம். அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிச் செலவு, ஏழைகளுக்கான உதவி, இதுல பெரிய பங்கு கவுண்டியோட பொறுப்பு. காசு எங்க இருந்து? உள்ளூர் சொத்து வரி. இங்கதான் சிக்கல். தொழிற்சாலை இருக்கிற கவுண்டிக்கு வருமானம் தானா வரும். கெண்ட், குளோஸ்டர் மாதிரி மீன்பிடியும் விறகுவெட்டும்தான் கதின்னு இருக்கிற கவுண்டியில வரி விகிதத்தை ஏத்தினாலும் வசூல் கம்மி. அதனால வாத்தியாருக்குச் சம்பளம் கம்மி, தகுதியான வாத்தியார் வரமாட்டார். ஏழைக் கவுண்டிகள்ல பலதும் பிரெஞ்சுக்காரங்க கவுண்டி. ஒரு குழந்தை எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் பிறந்ததுங்கிறதை வச்சு அதோட படிப்பு முடிவாகுது.

இதை மாத்தினவர் கெண்ட் கவுண்டியிலயே, ஸான்த்-அன்த்வான் ஊர்ல 1925-ல பிறந்த லூயி ரோபிஷோ. 1960-ல மாகாணப் பிரீமியர் ஆனார். தேர்தல்ல ஜெயிச்சு அந்தப் பதவிக்கு வந்த முதல் அக்கேடியர். எட்வர்ட் பர்ன்ங்கிற வக்கீல் தலைமையில ஒரு ஆணையம் போட்டார். அது 1963-ல அறிக்கை கொடுத்துச்சு. கல்வி, மருத்துவம், சமூக நலம், நீதி நாலையும் மாகாணமே எடுத்துக்கிட்டு, எல்லா இடத்துக்கும் ஒரே தரத்துல கொடுக்கணும்கிறதுதான் அதோட சாரம். "சம வாய்ப்பு"ங்கிற பேர்ல 1967 ஜனவரி 1-ல அமலுக்கு வந்துச்சு. கவுண்டி கவுன்சில் எல்லாம் அன்னைக்கே காலி.

எதிர்ப்பு சும்மா இல்ல. பெருந்தொழிலதிபர் கே.சி. இர்விங்குக்கு நகராட்சிகள் கொடுத்திருந்த வரிச் சலுகைகள்ல கை வைக்குது இந்தத் திட்டம். மாகாணத்து ஆங்கிலப் பத்திரிகைகளும் அவர் கையில. "பீட்டர்கிட்ட திருடி பியேருக்குக் கொடுக்குறாங்க"ன்னு ஒரு கேலி பரவுச்சு. பியேர்னா பீட்டரோட பிரெஞ்சு வடிவம், அர்த்தம் புரியுதுல்ல? வேடிக்கை என்னன்னா, இர்விங்கும் கெண்ட்காரர்தான், புக்டூஷ்ல பிறந்தவர். ரெண்டு பேரோட ஊருக்கும் நடுவுல காரில் அரை மணி நேரம் கூட ஆகாது.

என் கருத்தைக் கேட்டா, ரோபிஷோ செஞ்சது சரி. பதினஞ்சு சின்ன சர்வர்ல பாதி எப்பவும் டவுன்னா, எல்லாத்தையும் ஒரே இடத்துக்கு மாத்துறது நியாயமான முடிவு. ஆனா அட்மின் பாஸ்வேர்டும் அங்கேயே போயிடும், அதை நாம கணக்குல எடுத்துக்க மறந்துடுவோம். கவுன்சில் போனதும் கிராமப்புறம் "உள்ளூர் சேவை மாவட்டம்"னு ஆச்சு. அங்க மேயர் கிடையாது. ஒரு ஆலோசனைக் குழு இருக்கலாம், அதுக்கு அதிகாரம் கிடையாது. ரோடு, போலீஸ், வரி எல்லாத்தையும் தலைநகர் ஃபிரெடரிக்டன்ல இருக்கிற மந்திரி பாத்துக்குவார்.

ரெண்டே வருஷத்துல அதோட வலி தெரிஞ்சுது. 1969-ல கூஷிபுக்வாக் தேசியப் பூங்காவுக்காக கெண்ட் கரையில இருந்து சுமார் 250 குடும்பங்களை மாகாண அரசு வெளியேத்துச்சு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க, பெரும்பாலும் அக்கேடியர்கள். ஒப்பந்தம் போட்டது ரோபிஷோ அரசேதான். ஜாக்கி வோத்தூர்ங்கிறவர் மட்டும் போக மாட்டேன்னார். 1976-ல அவர் வீட்டை இடிச்சாங்க. அவர் திரும்பி வந்து பூங்காவுக்குள்ளயே குடியிருந்து, 2021-ல சாகுற வரைக்கும் அந்த நிலத்துக்காக வாதாடினார். கூஷிபுக்வாக் வெளியேற்றத்துக்கு அப்புறம் கனடா, பூங்காவுக்காக மக்களை இப்படி வெளியேத்துற கொள்கையையே கைவிட்டுடுச்சு.

அடுத்து ஆஸ்பத்திரி. ஸான்த்-ஆன்-த-கெண்ட்ல ஸ்டெல்லா மாரிஸ்னு ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கு. 2020 பிப்ரவரி 11-ல மாகாண அரசு ஒரு அறிவிப்பு விட்டுச்சு. ஆறு கிராமப்புற ஆஸ்பத்திரிகள்ல அவசரப் பிரிவு ராத்திரி 12 மணியில இருந்து காலையில 8 மணி வரைக்கும் மூடப்படும், அதுல இதுவும் ஒண்ணு. ராத்திரி வர்றவங்க குறைவு, ஊழியர் பற்றாக்குறைன்னு காரணம். எண்ணிக்கையா பாத்தா புரியுது. ஆனா பிப்ரவரியில, பனி கொட்டுற ராத்திரியில, நெஞ்சு வலியோட மோங்டன் வரைக்கும் அந்த ரோட்டுல வர்றதை நினைச்சுப் பாருங்க. நான் அந்த ரோட்டுல பனியில ஒரு தடவை ஓட்டியிருக்கேன், நல்ல உடம்போடவே கை நடுங்குச்சு. மக்கள் தெருவுக்கு வந்தாங்க. ஆளுங்கட்சியில இருந்த ஒரே பிரெஞ்சு உறுப்பினர், துணைப் பிரீமியர் ரொபேர் கோவேன் கட்சியை விட்டே விலகினார். அரசுக்குப் பெரும்பான்மையும் கிடையாது. ஒரு வாரத்துக்குள்ள அறிவிப்பு வாபஸ்.

கடைசியா 2023 ஜனவரி 1. மாகாணம் முழுக்க 340-ஆ இருந்த உள்ளூர் அமைப்புகளை 89-ஆ குறைச்சாங்க, 77 உள்ளாட்சி, 12 கிராமப்புற மாவட்டம். பழைய சேவை மாவட்டங்கள்ல நிறைய, புது நகராட்சிகளுக்குள்ள போயிடுச்சு. புக்டூஷ் இப்ப கிராண்ட்-புக்டூஷ்.

என் சக ஊழியரோட அம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல. 2022 நவம்பர்லதான் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு மேயருக்கு ஓட்டுப் போட்டாங்களாம். சந்தோஷமான்னு கேட்டேன். "வரி ஏறப் போகுதுன்னு மூணு மாசமா திட்டிக்கிட்டு இருக்காங்க, ஆனா யாரைத் திட்டணும்னு இப்ப தெரியுது, வீட்டு நம்பரும் தெரியுது"ன்னார்.

ஃபார்ம்ல கவுண்டி ஃபீல்டை வச்சுட்டேன், கட்டாயம் இல்லைன்னு மாத்தி. போன் நம்பர் காலத்தைத் தூக்கிட்டேன். அடுத்த வாரம் பழைய டேட்டாபேஸ் பத்தி, வழக்கம் போல.