சாவியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், தோழர்!

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வட்டாரக் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



முதல் ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கிறீர்கள். நடவு முடிந்து காலில் சேறு காயாமல் வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

போன வாரம் நமது பெரியவர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். சாவிக் கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் சந்தாப் புத்தகத்தை வைத்தார். "போதும் தோழர்களே, இனி என்னை விட்டுவிடுங்கள்" என்றார். வேறொன்றும் சொல்லாமல் பஸ் நிலையத்தை நோக்கி நடந்துவிட்டார்.

காரணம் உங்களுக்குத் தெரியும். ஒன்றியத் தலைவர் தேர்தலில், நம் சின்னத்தில் நின்று நம் உண்டியல் காசில் ஜெயித்த இரண்டு பேர் மறுபக்கம் சாய்ந்தார்கள். அவர்களுக்கு மைக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் பெரியவர். ஒருவன் கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக்கொடுத்தவரும் அவரே. எதிரி அடித்தால் தாங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் அடித்தால் நெஞ்சு வலிக்கிறது. அந்த வலியைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை.

ஆனால் அந்தச் சாவியை நாம் எடுக்கவும் இல்லை. இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது. பெரியவர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடமும் உங்களிடமும் ஒரு தொழிலாளியின் சரித்திரத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

லேத்தில் நின்ற தலைவர்

தென் அமெரிக்காவில் பிரேசில் என்று ஒரு பெரிய நாடு. அதன் வடகிழக்கு, மழை பொய்க்கும் வறண்ட சீமை. அங்கே 1945ல் பிறந்தவர் லூலா. 1952ல் அவருடைய தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, திறந்த லாரியில் 13 நாள் பயணம் செய்து, சாவோ பாவ்லோ மாநிலத்துக்குப் பிழைக்க வந்தாள். பையன் தெருவில் சாமான் விற்றான். பூட்சுக்குப் பாலிஷ் போட்டான். பிறகு லேத்து வேலை கற்றான். 1964ல் ஆலை விபத்தில் இடதுகைச் சுண்டுவிரல் போயிற்று. விரல் போனால் என்ன ஆகும் என்று இந்தக் கூட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

1975ல் உலோகத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். அப்போது அங்கே ராணுவ ஆட்சி. 1978 முதல் 1980 வரை மோட்டார் ஆலைகளில் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. 1980ல் அவரைப் பிடித்து 31 நாள் சிறையில் வைத்தார்கள். அவர் உள்ளே இருந்தபோது தாய் இறந்தாள். அதே ஆண்டில் தொழிலாளர் கட்சி பிறந்தது. 1989, 1994, 1998 என்று மூன்று தடவை ஜனாதிபதி தேர்தலில் தோற்றார். 2002ல் ஜெயித்தார், 2006ல் மீண்டும் ஜெயித்தார்.

லூலா கம்யூனிஸ்ட் அல்லர். அவர் ஆட்சியில் வங்கி முதலாளிகளின் லாபம் குறையவில்லை. அதை மறைத்துப் பேசுவது நமக்கு வழக்கமல்ல. ஆனால் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தது. 2003ல் தொடங்கிய குடும்ப உதவித் திட்டம் ஏழைத் தாய்மார் கைக்குப் பணம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2014ல் ஐக்கிய நாடுகள் சபையின் பசிப் பட்டியலிலிருந்து பிரேசிலின் பெயர் நீங்கியது. பணக்காரக் கும்பல் மன்னிக்காத குற்றம் இதுதான்.

துரோகம் எப்படி விளைந்தது?

லூலாவுக்குப் பின் 2010 தேர்தலில் தில்மா ரூசெஃப் என்ற பெண்மணி ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ராணுவ ஆட்சியில் சித்திரவதைப்பட்டவர் அவர். துணை ஜனாதிபதி மிஷேல் தெமேர், கூட்டணிக் கட்சிக்காரர். 2014ல் இருவரும் ஒரே சீட்டில் மறுபடியும் ஜெயித்தார்கள். 2016 மார்ச்சில் தெமேரின் கட்சி கூட்டணியை முறித்தது. ஏப்ரல் 17 அன்று கீழ்ச்சபையில் தில்மாவுக்கு எதிராக 367 வாக்கு, ஆதரவாக 137. தம் பையில் பணம் போட்டார் என்பதல்ல அவர்மீது குற்றச்சாட்டு. பட்ஜெட் கணக்கைக் கையாண்ட விதம் பற்றியது. ஆகஸ்ட் 31ல் செனட் சபை அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் யார்? தெமேர்!

உட்கார்ந்து என்ன செய்தார்? பொதுச் செலவுக்கு 20 ஆண்டு உச்சவரம்பு கட்டினார். 2017ல் தொழிலாளர் சட்டத்தையே திருத்தினார். பல விஷயங்களில் சட்டம் சொல்வதைவிட முதலாளியோடு செய்யும் ஒப்பந்தமே மேல் என்று ஆயிற்று. துரோகிக்கு விலை கொடுத்தவன் யார் என்பது இங்கே தெரிகிறதா இல்லையா? துரோகம் தனி மனிதனின் கெட்ட புத்தி மட்டுமல்ல தோழர்களே. அதற்குப் பின்னால் ஒரு வர்க்கம் நிற்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 513 பேர் கொண்ட கீழ்ச்சபையில் தொழிலாளர் கட்சிக்கு ஒருபோதும் பெரும்பான்மை இருந்ததில்லை. தலை எண்ணிக்கைக்காகச் சந்தர்ப்பவாதிகளைச் சேர்த்துக்கொண்டது. 2015ல் தில்மாவின் அரசே செலவைச் சுருக்கியது; வாக்களித்த தொழிலாளிக்கு உற்சாகம் குறைந்தது. வீதியில் பலம் குறைந்தால் சபையில் விலை பேசுகிறவன் பலம் கூடும். நம் ஒன்றியத்திலும் அதுதானே நடந்தது? அந்த இருவரையும் எத்தனை கிளைக் கூட்டத்துக்கு வரவழைத்துக் கணக்குக் கேட்டோம்? பெரியவர்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நாம் சும்மா இருந்தோம். இது நம் எல்லோர் பிழையும்தான்.

வேலிக்கு வெளியே நின்றவர்கள்

அடுத்த குறி லூலா. பெட்ரோபிராஸ் என்ற அரசு எண்ணெய்க் கம்பெனியில் ஊழல் நடந்தது மெய். அதைச் சாக்காக வைத்து, கடற்கரை அடுக்குமாடி வீடு ஒன்றின் பேரில் லூலாமீது வழக்கு வந்தது. அவரிடம் நிதி மந்திரியாக இருந்த, கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பலோச்சி, சிறையிலிருந்தபடி 2017ல் அவருக்கு எதிராகவே வாக்குமூலம் கொடுத்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் லூலாவின் மனைவி இறந்திருந்தாள். வீட்டில் சாவு, வெளியில் துரோகம், வயதோ எழுபதைத் தாண்டியது. அந்த மனிதர் சாவியை மேசைமேல் வைத்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்?

2018 ஏப்ரலில் கைது உத்தரவு வந்தது. அவர் வெளிநாட்டுக்கு ஓடவில்லை. தாம் வளர்ந்த சங்கக் கட்டிடத்துக்குப் போனார். ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் சுற்றி நின்றார்கள். ஏப்ரல் 7 அன்று அவர்கள் முன் பேசிவிட்டுப் போலீசிடம் போனார். குரிச்சிபா நகரத்துப் போலீஸ் கட்டிடத்தில் 580 நாள் இருந்தார். சகோதரர் இறந்தபோது அடக்கத்துக்குப் போக முடியவில்லை. ஏழு வயதுப் பேரன் இறந்தபோது சில மணி நேரம் மட்டும் விட்டார்கள்.

இனிமேல் சொல்வதைத்தான் நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். அந்தக் கட்டிடத்துக்கு வெளியே ஜனங்கள் கூடாரம் போட்டார்கள். நிலமற்றோர் இயக்கத்து விவசாயிகள் வந்தார்கள். ஆலைத் தொழிலாளர்கள் வந்தார்கள். தினம் காலையில் ஒன்றாகக் கூவினார்கள்: "காலை வணக்கம், ஜனாதிபதி லூலா!" மத்தியானமும் கூவினார்கள், இரவும் கூவினார்கள். கடைசி நாள் வரை அந்தக் கூடாரம் கலையவில்லை. சுவருக்குள் இருந்த மனிதர் அந்தக் குரலைக் கேட்டார். 2019ல் குறைந்த கட்டுப்பாட்டுச் சிறைவாசத்துக்கு மாற்றுகிறோம் என்று சர்க்கார் வக்கீல்கள் முன்வந்தபோது, சலுகை வேண்டாம், நிரபராதி என்ற தீர்ப்புதான் வேண்டும் என்று மறுத்தார். வெளியே இருந்த குரல் இல்லாமல் அந்தத் துணிவு நிலைத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். 2019 நவம்பர் 8 அன்று விடுதலையானதும் முதலில் அந்த ஜனங்களிடம்தான் போய் நன்றி சொன்னார்.

மாலை போடுவதும் சுவரொட்டி ஒட்டுவதும் ஊக்கம் கொடுப்பதாகாது. தினம் வந்து நிற்பதே ஊக்கம்.

திரும்பி வந்தபோது

தண்டனை கொடுத்த நீதிபதி செர்ஜியோ மோரோ, லூலா போட்டியிட முடியாத தேர்தலில் ஜெயித்த பொல்சனாரோவிடம் மந்திரியானார்! 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை ரத்துச் செய்தது. அந்த நீதிபதி பாரபட்சமாக நடந்தார் என்றும் தீர்ப்பளித்தது. 2022 அக்டோபர் 30 அன்று, 77 வயதில், 50.9 சத வாக்கோடு லூலா ஜெயித்தார். இடைக்காலத்தில் பிரேசில் மறுபடி பசிப் பட்டியலில் ஏறியிருந்தது. 2025 ஜூலையில் அதிலிருந்து மீண்டும் நீங்கியது. ஒரு கிழவர் மனம் தளராததற்கும் ஏழை வீட்டு அடுப்பு எரிவதற்கும் சம்பந்தம் உண்டு தோழர்களே.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். லூலா 2006ல் தம்மை எதிர்த்து நின்ற ஆல்க்மினையே 2022ல் துணை ஜனாதிபதியாகச் சேர்த்துக்கொண்டார். அது சரியா தவறா என்று தனியே விவாதிக்கலாம். ஒன்று நிச்சயம்: ஒருவன் ஏமாற்றினான் என்பதற்காக ஊரையே சந்தேகிக்கிறவன் தலைமை தாங்க முடியாது.

இதில் எச்சரிக்கையும் இருக்கிறது. 2018ல் லூலாவை நிற்க விடாமல் தடுத்தபோது, வேறு வேட்பாளரை முன்னிறுத்த அந்தக் கட்சிக்கு நான்கு வாரம்கூடக் கிடைக்கவில்லை. தோற்றது. ஒரே தோளில் எல்லாப் பாரத்தையும் வைத்தால், அந்தத் தோள் சரியும்போது எல்லாம் சரியும்.

பெரியவரே!

உங்களை நேராகவே கேட்கிறோம். அந்த இருவர் போனதை எண்ணுகிறீர்கள். போகாதவர்களை எண்ணினீர்களா? விலை பேசப்பட்டும் விலைபோகாத நம் கவுன்சிலர் அம்மா இதோ உட்கார்ந்திருக்கிறாள். நாற்று நட்ட கூலியில் பிழைக்கிறவள். அவளையும் நீங்கள்தானே வளர்த்தீர்கள்? விதைத்ததில் இரண்டு பதராய்ப் போயிற்று என்று விவசாயி வயலைத் தரிசு போடுவதில்லை.

உங்கள் உடம்பு முன்போல் இல்லை என்பது தெரியும். கேட்டுக் கூட்டத்துக்கு விடிகாலை நாலு மணிக்கு நீங்கள் வர வேண்டாம், இளைஞர்கள் வருவார்கள். கோர்ட்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் தனியாக அலைய வேண்டாம். கூட இருவர் வருவார்கள். ஆனால் கூலிப் பேச்சு வார்த்தையில் முதலாளி எந்த இடத்தில் குரலை மாற்றுவான், எந்த இடத்தில் நாம் எழுந்து வெளியேற வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் நீங்கள் வீட்டுக்குப் போக உரிமையில்லை!

தோழர்களே, உங்களுக்கும் மூன்று வேலை. ஒன்று, சந்தா பாக்கியை இந்த மாதமே கட்டுங்கள். இரண்டு, நம் சின்னத்தில் ஜெயித்த ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை கிளையின் முன் வந்து கணக்குச் சொல்ல வேண்டும். கேட்பது உங்கள் கடமை. மூன்று, தினம் ஒருவராவது பெரியவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். குரிச்சிபாவில் கூவினார்களே, அதுபோல நம் குரல் அவர் காதில் விழட்டும்.

கடைசியாக ஒன்று. கடைத்தெருவில் கொடுத்து இன்னொரு சாவி செய்து வைத்திருக்கிறோம். அது இளைய தோழர்களிடம் இருக்கும். பழைய சாவி உங்களுடையது. மேசைமேல் கிடக்கிறது. எழுந்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள், தோழர்! நாளைக் காலை கூலி மனு எழுத வேண்டும்; ஆபீசைத் திறக்க வேண்டும்.

செங்கொடி வெல்க! உழைப்பாளர் ஒற்றுமை ஓங்குக!