பெட்ரோலும் சூட்டைத் தணிக்கும்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கரும்பு வயல்களுக்கு நடுவே பண்டபெர்க் என்றொரு ஊர். ரம்முக்குப் பேர்போனது. 1928-இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை தன்னந்தனியாக விமானம் ஓட்டிவந்த பெர்ட் ஹிங்க்ளர் பிறந்ததும் அங்கேதான். அந்த ஊரில் 1988-இல் ஜபிரு என்ற விமான நிறுவனம் தொடங்கியது. ஜபிரு என்பது ஒரு நாரையின் பெயர். தங்கள் குட்டி விமானங்களுக்கு வாங்கிவந்த இத்தாலிய எஞ்சினின் தயாரிப்பு நின்றுபோகவே, நாமே செய்துகொள்வோம் என்று இறங்கினார்கள். அந்த வரிசையில் வந்ததுதான் ஜபிரு 2200: நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர், சுமார் 85 குதிரைத்திறன். இருவர் சேர்ந்து தூக்கிவிடலாம். ரேடியேட்டர் கிடையாது, எதிர்க்காற்றுதான் சூட்டைத் தணிக்க வேண்டும்.

காற்று மட்டும் போதுமா?

எஞ்சின் சுட்டால், காற்று வரும் வழியைப் பெரிதாக்கு என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். தப்பில்லை. ஆனால் பாதிச் சூட்டின் கணக்கு, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்றை 12.5 கிலோ அளவுக்குக் குறைத்தால் எரிய ஆக்சிஜன் கிடைக்காத பெட்ரோல் கொஞ்சம் மிஞ்சும். அது வீண்போவதில்லை. ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொண்டு புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். விமானம் தரையை விட்டு எழும்பும்போது, அதாவது எஞ்சின் முழு மூச்சில் உழைத்தும் எதிர்க்காற்று குறைவாக இருக்கும் அந்த நிமிடங்களில், இந்த மிச்சப் பெட்ரோல்தான் சிலிண்டர் தலையைக் காப்பாற்றுகிறது.

ஜபிருவில் இருப்பது ஜெர்மனியின் பிங் கார்புரேட்டர். பழைய பிஎம்டபிள்யூ மோட்டார்சைக்கிள்களில் இருந்த அதே குடும்பம். பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க விமானியின் கையில் தனிக் குமிழ் எதுவும் இல்லை. ரப்பர் சவ்வு ஒன்று காற்றின் இழுப்புக்கு ஏற்ப ஒரு ஸ்லைடைத் தூக்குகிறது. அதன் அடியில் தொங்கும் கூர் ஊசி, தான் ஏறிய அளவுக்கு, பெட்ரோல் வரும் ஜெட்டின் துளையைத் திறந்துவிடுகிறது. ஐடிலுக்கு ஒரு ஜெட், முழு வேகத்துக்கு மெயின் ஜெட். இடைப்பட்ட வேகம் முழுக்க ஊசியின் ஆட்சி. பயணத்தில் பெரும்பகுதி அந்த இடைவேகத்தில்தான் என்பதால், ஊசியின் கூர் சரிவு சற்றே மாறினாலும் எஞ்சின் மணிக்கணக்கில் பெட்ரோல் போதாமல் ஓடிச் சூடேறும். பிங் ஜெட்டில் பொறித்த எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் சொல்லும். ஐந்து எண் கூடினால் 0.05 மில்லிமீட்டர். தலைமுடியின் பருமன்கூட இல்லை!

ஆனால் ஜெட்டை மாற்ற ஓடுவதற்கு முன் கவனிக்க வேண்டியது விமானத்தின் மூக்கில் இருக்கிறது: புரொப்பெல்லர். அதன் இதழ்கள் காற்றைக் கொஞ்சமாக வெட்டும்படி அமைந்திருந்தால் எஞ்சின் சுமையில்லாமல் சுழலும். சுமை குறைந்தால் உள்ளே போகும் காற்றும் குறைவு. ஸ்லைடு தாழ்ந்தே நிற்கும். ஊசியின் தடித்த பகுதி துளையை அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் போதாது. கார்புரேட்டரைக் குறை சொல்லிப் பிரித்துப் போட்டவர்கள், கடைசியில் புரொப்பெல்லரை மாற்றிப் பிரச்சினையைத் தீர்த்த கதைகள் இந்தச் சிறு விமான உலகில் உண்டு.

அடுத்த தலைவலி பங்கீடு. ஒரே கார்புரேட்டர், நான்கு சிலிண்டர். சமபந்தியில் ஒரு இலைக்கு மட்டும் சாம்பார் எட்டாமல் போவதுபோல, ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைந்து அது மட்டும் சுடும். காற்றுக் குழாயில் ஒரு வளைவு இருந்தாலே உள்ளே சுழல் உண்டாகி கலவை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஜபிரு வைத்திருப்போர் இதற்கு ஒரு கைவைத்தியம் செய்வார்கள்: ரப்பர் இணைப்பில் பொருந்தியிருக்கும் கார்புரேட்டரை இடமோ வலமோ சற்றே சாய்த்துவிடுவது. பார்த்தால் யாரோ அவசரத்தில் கோணலாகப் பூட்டியதுபோல இருக்கும். ஆனால் நான்கு புகைக்குழாய்களின் வெப்பமும் நெருங்கி வந்துவிடும்.

எஞ்சின் நின்றுபோன சம்பவங்களையடுத்து, 2014 டிசம்பரில் ஆஸ்திரேலிய விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆணையம் ஜபிரு எஞ்சின் விமானங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அந்தச் சம்பவங்களுக்கு போல்ட் முறிவு, வால்வுப் பழுது எனக் காரணங்கள் பல. எல்லாப் பழியையும் கார்புரேட்டர் தலையில் போடுவது நியாயமில்லை. ஆனாலும் அதன் பிறகு, நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி வெப்பமானி என்பது ஆடம்பரமாகத் தோன்றவில்லை.

சரிசெய்யும் முறையில் அவசரத்துக்கு இடமில்லை. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஜெட்டையும் ஊசியையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. மாற்றியபின் ஓடுதளத்தின் தலைக்கு மேலேயே ஏற்றம், சமநிலைப் பறப்பு, இறக்கம். மூன்றிலும் நான்கு வெப்பமும் குறித்துக்கொள்ள வேண்டும். இறங்கியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள், நம் ஊர் புல்லட் மெக்கானிக் பார்ப்பதுபோலவே. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் மிகை. பழுப்பாக இருந்தால் பிளக்கைத் துடைத்துப் பூட்டிவிட்டு, அடுத்த பறப்புக்கு டாங்கியை நிரப்பலாம்.