அகதிகள் மூட்டிய அடுப்பு

பிரெஞ்சு நாட்டு உணவின் பெருமையை எடுத்துரைக்காத யாத்திரிகர் அரியர். அந்நாட்டின் தலைநகராகிய பாரிஸில், 'பிராசரி' என்று வழங்கும் பழைய உணவுச்சாலைகள் சில, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்று வருகின்றன. அத்தகைய சாலையொன்றில் உணவருந்துவதைப் பற்றியே இன்று பேச எடுத்துக்கொண்டேன். கொட்டியாரக் குடாக் கரையிலுள்ள சம்பூர் மக்களுக்கு இதனால் ஆவது என்ன என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு, அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

பிராசரி என்ற சொல்லுக்கு பியர் வடிக்கும் இடம் என்பது பொருள். ஏனைய உணவுச்சாலைகள் பெரும்பாலும் நண்பகலிலும் இரவிலும் மட்டுமே சமையலறையைத் திறப்பன. பிராசரியிலோ பொழுதெல்லாம் உணவு கிடைக்கும். சாங் ஜெர்மாங் பெருவீதியில் இருக்கும் 'லிப்' என்னும் சாலை இவ்வகைக்கு நல்லதோர் உதாரணம். சுவர்களிலே கண்ணாடிகளும் பூவேலைப் பீங்கான் ஓடுகளும் மின்னும். மேசைகள் மீது வெள்ளை விரிப்பு. பரிசாரகர் கறுப்புச் சட்டைமேல் நீண்ட வெள்ளை மேலாடை கட்டியிருப்பர். உணவோடு பாணும் தண்ணீரும் தனிக் கட்டணமின்றி வரும். உண்டு முடித்தவரை எழுப்பிவிடும் அவசரம் அங்கே இல்லை. கேட்டாலன்றிக் கணக்குச் சீட்டைக் கொண்டுவருவதில்லை.

அங்கே பெயர்பெற்ற உணவு 'சூக்ரூத்'. கோவாவை மெல்லிதாகச் சீவி, உப்பிட்டு, சாடியில் அமுக்கி, வாரக்கணக்கில் புளிக்கவைப்பர். பின்பு அதனை வேகவைத்து, அதன்மேல் பன்றியிறைச்சித் துண்டுகளையும், 'சொசேஜ்' என்னும் இறைச்சிச் சுருள்களையும், உருளைக்கிழங்கையும் அடுக்கித் தருவர். பன்றியிறைச்சிக்குப் பதிலாக மீன் வகைகளைச் சேர்த்துச் சமைக்கும் சாலைகளும் உண்டு. புளிப்பும் உப்பும் கலந்த அதன் சுவை, ஊறுகாய்ச் சாடியோடு பழகிய நமது நாவுக்கு முற்றிலும் அந்நியமன்று.

இவ்வுணவு பாரிஸில் பிறந்ததன்று என்பதே இங்குக் கருதத்தக்கது. இது ரைன் நதிக்கரையிலுள்ள அல்சாஸ் மாகாணத்துக் குடியானவர் உணவு. 1870ஆம் ஆண்டு பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது; பிரான்ஸ் தோற்றது. 1871ஆம் ஆண்டு மே மாதத்து உடன்படிக்கையின்படி அல்சாஸ் ஜெர்மனியின் வசமாயிற்று. பிரெஞ்சுக் குடிகளாகவே இருக்க விரும்பியோர் 1872 அக்டோபர் முதலாந் தேதிக்குள் ஊரைவிட்டு வெளியேற வேண்டியவராயினர். அவ்வாறு வந்தவர்களுள் பலர் பாரிஸில் பியரும் சூக்ரூத்தும் விற்றுப் பிழைத்தனர். அல்சாஸ்காரராகிய லெயோனார் லிப் 1880இல் தம் கடையைத் திறந்தபோது, அதற்கு 'ரைன் நதிக்கரை' என்று பெயரிட்டார். இழந்த ஊரின் நினைவையே பெயர்ப்பலகையில் எழுதிவைத்தார் எனலாம். முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானிய வாடை வீசிய அப்பெயர் மறைந்து, 'லிப்' என்ற பெயரே நிலைத்தது. இன்று அதனையே பிரெஞ்சு மரபின் சின்னமென்று உலகம் பாராட்டுகின்றது.

1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் நம் நாட்டிலிருந்து அகதிகளாகப் பாரிஸை அடைந்த தமிழருள் பலர், உணவுச்சாலைகளின் பின்கட்டிலே தட்டுக் கழுவும் வேலையில் அமர்ந்தனர். அவர்களுள் பலர் பின்னர்ச் சமையற்காரராகவும் உயர்ந்தனர். போபூர் சாங் டெனி என்னும் நீண்ட தெருவில், ஒருபுறம் 1906ஆம் ஆண்டின் பழைய உணவுமண்டபமாகிய 'ஜூலியாங்' நிற்கின்றது. அத்தெருவின் வடகோடியிலே தமிழர் கடைகள் நிறைந்துள்ளன. பாரிஸின் தலைசிறந்த பாணுக்கு மாநகரம் அளிக்கும் பரிசை, 2023ஆம் ஆண்டில், இலங்கையிற் பிறந்த தர்ஷன் செல்வராஜா பெற்றார். அல்சாஸ் அகதி மூட்டிய அடுப்பிலே ஈழத்து அகதி விறகிடுகிறான். முன்மண்டபத்தில் இருந்து உண்பவர் அவனைக் காண்பதில்லை. அவன் கை ஓய்ந்தால் அம்மண்டபத்தின் மரபும் ஓய்ந்துவிடும்.

இனிச் சம்பூருக்கு வருவோம். 2006ஆம் ஆண்டு ஏப்பிரலில் குண்டுகள் விழ, அவ்வூர் மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினர். கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களிலே பல்லாண்டு கழித்தனர். 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான் அவர்களுடைய காணிகள் கட்டங்கட்டமாகத் திரும்பின. முகாமிலே பிறந்த பிள்ளைக்கு நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் தெரியும்; பாட்டியின் கைப்பக்குவம் எங்ஙனம் தெரியும்? மேய்ச்சல் நிலம் போனால் எருமை போகும். எருமை போனால் தயிர்ச்சட்டியும் போகும். ஆதலின் காணியை மீட்பதும் சமையலை மீட்பதும் ஒரே காரியத்தின் இரு கூறுகளாம்.

ஊரைவிட்டு ஓடுபவன் வீட்டைத் தூக்கிச் செல்ல இயலாது. அடுப்பின் முறையைக் கொண்டுசெல்ல இயலும். அல்சாஸ் மக்கள் அதனைக் கைவிடவில்லை, வெட்கப்பட்டு மறைக்கவுமில்லை. அந்நியர் உண்ணும்படி மேசையிலே வைத்தனர். சம்பூரின் மூத்த தாய்மார் உள்ளபோதே, இளையோர் அவர்கள் அருகிலிருந்து ஆக்கக் கற்றுக்கொள்வார்களாக. மரபு என்பது எங்கோ மாளிகையில் பிறப்பதன்று. துரத்தப்பட்டவர் தம் பசிக்கு ஆக்கிய உணவே, மூன்று தலைமுறை விடாது ஆக்கினால், மரபாகிவிடுகின்றது.