உயரமான காரும் ஒரு திடீர் ஒடிப்பும்



நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று ஒரு மாடு குறுக்கே வருகிறது. உங்கள் கை ஸ்டியரிங்கை வெடுக்கென்று வலப்பக்கம் ஒடிக்கும். எதிரே லாரி வருவதைக் கண்டதும் அதே வேகத்தில் இடப்பக்கம் ஒடிக்கும். இரண்டு மூன்று விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். உயரமான ஒரு காருக்கு இதைவிடக் கடுமையான சோதனை கிடையாது.

சுவீடன் நாட்டுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே மாட்டுக்குப் பதில் மூஸ் என்ற மிகப் பெரிய மான் சாலைக்கு வரும். அதன் தோளே ஆள் உயரம் இருக்கும், எடை பல நூறு கிலோ. கால்கள் நீளமானவை என்பதால் கார் மோதினால் அடி காலில் விழும், அந்தக் கனத்த உடல் முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். ஆகவே அதன்மேல் மோதாமல் விலகிப்போக முடியுமா என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. 'டெக்னிக்கென்ஸ் வார்ல்ட்' என்ற சுவீடிஷ் பத்திரிகை, புதிய கார்களில் ஆட்களை ஏற்றி, பிரேக்கைத் தொடாமல் இப்படி இரட்டையாக ஒடித்துப் பார்ப்பதை வழக்கமாகவே வைத்திருந்தது.

1997 அக்டோபரில் ராபர்ட் கொலின் என்ற பத்திரிகையாளர் அந்தச் சோதனைக்கு எடுத்துப்போன கார், மெர்சிடிஸ் நிறுவனத்தின் புத்தம்புது ஏ-கிளாஸ். சின்னக் குடும்பங்களுக்கென்று செய்த வண்டி. நீளம் மூன்றரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், உயரம் ஒன்றரை மீட்டருக்கும் மேல். அந்த உயரம் அழகுக்காக வைத்ததல்ல. தரையை இரண்டு அடுக்காக அமைத்திருந்தார்கள். நேருக்கு நேர் மோதினால் என்ஜின் பயணிகளின் மடிக்கு வராமல் கீழே நழுவிவிட வேண்டும் என்பது திட்டம். உயிர் காக்கவென்று கொடுத்த உயரம் அது. மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒடிப்பைச் செய்தபோது வண்டி கவிழ்ந்துவிட்டது.

ஏன் கவிழ்ந்தது? முதல் ஒடிப்பில் வண்டியின் பாரம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்கிறது, அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்குகிறது. அது நிமிர்ந்து வரும் நேரம் பார்த்து மறுபக்கம் ஒடிக்கிறோம். ஊஞ்சல் திரும்பி வரும்போது பின்னாலிருந்து தள்ளினால் இன்னும் உயரப் போகுமே, அதே கதைதான். இரண்டாவது சாய்வு முதல் சாய்வைவிடப் பெரிதாகிறது.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. இடது டயருக்கும் வலது டயருக்கும் உள்ள இடைவெளியில் பாதியை எடுங்கள். வண்டியின் பாரம் மையம் கொள்ளும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதால் வகுங்கள். தாழ்வான கார்களுக்கு விடை 1.3 முதல் 1.5 வரை வரும். எஸ்யூவி போன்ற உயர வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் குறையக் குறைய, கவிழ்வது சுலபம். அமெரிக்க அரசு 2001 முதல் இந்தக் கணக்கை வைத்துக் கார்களுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது.

ஏ-கிளாஸ் கவிழ்ந்தபின் மெர்சிடிஸ் முதலில் தயங்கியது, பிறகு இறங்கி வந்தது. விற்பனையை ஏறக்குறைய மூன்று மாதம் நிறுத்தி, சஸ்பென்ஷனையும் டயரையும் மாற்றியது. அதோடு, அதுவரை பெரிய பணக்காரக் கார்களில் மட்டும் இருந்த ஈஎஸ்பி என்ற கருவியை எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் கட்டாயமாகப் பொருத்தியது. பாஷ் நிறுவனத்தில் ஆன்டன் வான் சாண்டன் என்ற பொறியாளரின் தலைமையில் உருவாகி, 1995-இல் சந்தைக்கு வந்த கருவி அது. ஒரு சின்னக் கார் கவிழ்ந்ததால்தான் அது சாதாரணக் குடும்பங்களின் கைக்கு இத்தனை சீக்கிரம் வந்து சேர்ந்தது என்பது என் எண்ணம்.

பொதுவாக ஈஎஸ்சி என்று சொல்கிறோமே, அது இதுதான். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, ஒவ்வொரு சக்கரமும் என்ன வேகத்தில் சுற்றுகிறது, வண்டி உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது, இவை மூன்றையும் அது விநாடிக்குப் பலமுறை ஒப்பிடுகிறது. நீங்கள் திருப்பிய அளவுக்கு வண்டி திரும்பாமல் நேரே இழுத்துக்கொண்டு போனால், உள்பக்கப் பின்சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டுப் பிடிக்கும். வண்டியின் பின்பகுதி வெளியே வீசினால், வெளிப்பக்க முன்சக்கரத்தைப் பிடிக்கும். என்ஜினின் வேகத்தையும் குறைக்கும். எவ்வளவு தேர்ந்த டிரைவராக இருந்தாலும் ஒரே பிரேக் மிதியை வைத்துக்கொண்டு ஒற்றைச் சக்கரத்தை மட்டும் பிடிக்க முடியாது.

தார்ச்சாலையின் நடுவில் வெறும் திருப்பத்தாலேயே கவிழும் கார்கள் குறைவு. பெரும்பாலும் வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய், சாலையோர மண்ணில் சக்கரம் புதைந்து, அல்லது நடுத்திட்டில் இடித்து, அதன்பிறகுதான் உருளுகிறது. நம் சாலைகளில் தாரின் விளிம்புக்கும் ஓர மண்ணுக்கும் இடையில் எத்தனை பள்ளம் என்று உங்களுக்கே தெரியும். ஈஎஸ்சி வண்டியை வழுக்க விடாமல் தாரின் மேலேயே நிறுத்தி வைக்கிறது. உயர வண்டிக்கு அது செய்யும் பேருதவி அதுதான். அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டிலிருந்து எல்லாக் கார்களுக்கும் இது கட்டாயம். இந்தியாவில் 2023-இல் தொடங்கிய பாரத் என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனையில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் வாங்க வேண்டுமானால் ஈஎஸ்சி இருந்தாக வேண்டும்.

கார் வாங்கப் போகும் நேயர்களே, "இந்த மாடலில் ஈஎஸ்சி உண்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நான் பணம் கட்டும் இந்த வேரியண்ட்டில் உண்டா?" என்று கேளுங்கள். சன்ரூஃபை விட்டுக்கொடுங்கள், இதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்கள் சாவி போட்டதும் டாஷ்போர்டைப் பாருங்கள். கார் படமும் அதன் கீழே நெளிந்த இரண்டு கோடுகளும் உள்ள விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். ஓடும்போது விட்டுவிட்டு எரிந்தால், அந்த நொடியில் ஈஎஸ்சி உங்களுக்காக வேலை செய்துகொண்டிருக்கிறது, உடனே வேகத்தைக் குறையுங்கள். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கோளாறாக இருக்கலாம், அல்லது யாரோ பொத்தானை அமுக்கி நிறுத்தியிருக்கலாம்.

தேய்ந்த டயர் தரையைப் பற்றாவிட்டால் எந்தக் கருவியாலும் ஒன்றும் செய்ய முடியாது. மேலே கேரியரில் பாரம் கட்டக் கட்ட, நான் முன்பு சொன்ன எண் குறைந்துகொண்டே போகும். அடுத்த முறை குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படும்போது, அரிசி மூட்டையையும் கனத்த பெட்டிகளையும் கேரியரிலிருந்து இறக்கி, டிக்கியின் தரையில் வையுங்கள். தலையணை, போர்வையை மேலே கட்டிக்கொள்ளலாம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் பெல்ட்டை நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வண்டி உருளும்போது பெல்ட் போடாதவர்கள்தான் வெளியே வீசப்படுகிறார்கள்.