தனிமரம் தோப்பாகட்டும்!

(மயிலாப்பூரில் மகளிரிடையே ஆற்றிய பொழிவின் சுருக்கம்)



இம் மயிலாப்பூர்க் கடற்கரையோரம், பெண்களுக்கென்றே 1914-இல் தொடங்கப்பெற்றது இராணி மேரிக் கல்லூரி. அங்குப் பயின்றவர் தலைச்சேரியிற் பிறந்த சானகி அம்மாள். 1931-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிலைத்திணையியலில் முனைவரானார். 1934 முதல் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் ஆய்வராய்ப் பணியாற்றினார். வெள்ளையராட்சியிலேயே அரசு ஆய்வகத்தின் கதவைத் தட்டித் திறந்தவர் அவர்.

அதன்பின் நடந்தது என்ன? இந்திய அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் 1942-இல் நிறுவப்பட்டது. நம் அடையாற்றிலுள்ள நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அதனைச் சார்ந்ததே. அம் மன்றத்தின் தலைமை இயக்குநர் இருக்கையில் ஒரு பெண் அமர்வதற்கு எண்பது ஆண்டுகள் ஆயின! 2022-இல் அமர்ந்தவர் நெல்லை மாவட்டத்துக் கலைச்செல்வி. மின்கல ஆய்வில் தேர்ந்தவர். பள்ளியில் தமிழ்வழியிற் கற்றவர். "தமிழில் படித்தால் அறிவியல் வருமா?" என்று எள்ளி நகைப்பார்க்கு இதனினும் விடை வேண்டுமோ?

ஆயினும் தனிமரம் தோப்பாகாது. உலக ஆய்வருள் மூவரில் ஒருவரே பெண் என்கிறது யுனெசுகோவின் 2021-ஆம் ஆண்டறிக்கை. இந்தியாவிலோ ஐவரில் ஒருவர்கூட இலர். அர்செந்தீனாவில் ஆய்வருள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். செல்வமும் தொழில்வளமும் கொழிக்கும் சப்பானோ நம்மைப் போலவே பின்தங்கி நிற்கின்றது. எனவே குறை பொருளில் இல்லை. பெண்ணை நோக்கும் பார்வையில் உள்ளது.

முனைவர் பட்டம் பெற்று நிலையான பணி தேடும் அகவையும், மணமும் மகப்பேறும் வந்து சூழும் அகவையும் ஒன்றே. ஆண் அவ்வாண்டுகளில் ஏணியில் ஏறுகிறான். பெண் ஏணியை விட்டு இறங்குகிறாள். மீண்டு வந்தால் அகவை வரம்பு தடுக்கிறது. தமிழ்வழியிற் கற்ற சிற்றூர்ப் பெண்ணுக்கோ ஆங்கிலம் இன்னொரு மதிலாய் நிற்கிறது.

ஆதலின் நாம் கேட்பன மூன்று. ஆய்வகந்தோறும் குழந்தைக் காப்பகம் வேண்டும். இடைவிட்டு மீளும் பெண்ணுக்கு அகவை வரம்பு தளரவேண்டும். உயர்கல்வி வரை அறிவியல் நூல்கள் நல்ல தமிழில் வரவேண்டும். இவை இரக்கத்தால் இடும் பிச்சையல்ல, உரிமை!

பெற்றோரே, மகளின் நகைக்குச் சேர்ப்பதை அவள் படிப்புக்குச் சேருங்கள். கணவன்மாரே, அடுப்படியில் பாதி உங்களுடையது.

வெல்க தமிழ்! உயர்க பெண்மை!