தகவல் பாதுகாப்பு: எந்த முதுமாணிப் பட்டம்?

(நூற்றாண்டு நிகழ்வுகளின் ஒன்றாகப் பாடசாலை மண்டபத்தில் நடைபெற்ற தொழில் வழிகாட்டல் நாளில் ஆற்றிய உரை)



தகவல் பாதுகாப்பைப் பற்றிப் பேச ஒரு வைத்தியரை ஏன் மேடையேற்றினார்கள் என்று உங்களில் சிலர் யோசிக்கக்கூடும். இரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கான் படம், மருந்துப் பட்டியல் என்று எல்லாமே மெல்ல மெல்லக் கணினிக்குள் போய்விட்டன. அது நின்றால் எங்கள் கையும் நின்றுவிடும். அதனால்தான் வந்திருக்கிறோம்.

அயர்லாந்தில் நடந்ததை முதலில் சொல்கிறோம். 2021 மார்ச் 18 இல் அந்நாட்டின் அரச சுகாதார சேவையில் ஒருவர், மின்னஞ்சலில் வந்த எக்செல் கோப்பு ஒன்றைத் திறந்தார். அதன் வழியே நுழைந்தவர்கள் எட்டு வாரம் உள்ளேயே உலாவினார்கள். நோயாளிகளின் தகவல்களையும் திருடினார்கள். மே 14 அதிகாலையில் கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். நாடு முழுவதும் வைத்தியசாலைகள் பேனாவுக்கும் தாளுக்கும் திரும்பின. புற்றுநோயாளரின் கதிர்வீச்சுச் சிகிச்சைகூடத் தடைப்பட்டது. பூட்டைத் திறக்கும் சாவியை ஒரு வாரத்துக்குள் தாக்கியவர்களே பணம் வாங்காமல் கொடுத்தும், எல்லாச் சேர்வர்களையும் மீட்டெடுக்கச் செப்டெம்பர் வரை சென்றது.

பின்னர் வெளியான சுயாதீன அறிக்கையை நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள், துப்பறியும் கதைபோல இருக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள் மார்ச் மாதத்திலேயே சந்தேகமான கருவிகளைக் கண்டுவிட்டது. ஆனால் கண்டதைப் பதிவு செய்ய மட்டுமே அதை அமைத்திருந்தார்கள், தடுக்க அமைக்கவில்லை. இணையப் பாதுகாப்புக்கென்று உயர்மட்டத்தில் பொறுப்பான ஒருவர் அங்கே இருக்கவேயில்லை என்றும் அந்த அறிக்கை சொல்கிறது.

தகவல் பாதுகாப்பு என்றால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுவது என்று நினைக்கும் பிள்ளைகளுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொன்னோம். அந்த எச்சரிக்கையைக் கண்டு தடம் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். ஆபத்தை அளந்து, மேலிடத்தோடு வாதாடி, பணம் ஒதுக்க வைப்பவர் இன்னொருவர். திருட்டுப்போன தகவலுக்கு யார் பொறுப்பு என்று சொல்லச் சட்டம் தெரிந்தவரும் வேண்டும். இவை மூன்றும் வேறு வேறு உத்தியோகங்கள். ஆனால் விளம்பரங்களில் எல்லாப் பட்டத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர்தான் இருக்கும்.

ஆகவே பெயரை விட்டுப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். மறைகுறியாக்கம், இயங்குதளம், வலையமைப்பு, நிரலாக்கம் என்று அலகுகள் நிறைந்திருந்தால் அது தொழில்நுட்பப் பட்டம். கணிதமும் புரோகிராமிங்கும் பிடிக்காதவர் அதில் சேர்ந்தால் அழுதுகொண்டுதான் படிப்பார். ஆபத்து முகாமைத்துவம், கணக்காய்வு, ஐஎஸ்ஓ 27001 என்று இருந்தால் அது நிருவாகம் சார்ந்தது. வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகள் தமக்கு இந்தத் துறையில் இடமில்லை என்று ஒதுங்குவது எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. வங்கிகளில் இந்தப் பகுதிக்குக் கணக்காய்வு தெரிந்தவர்கள்தான் தேவை. சட்டம் படிப்பவர்களுக்கு 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. பின்னையது உடல்நலத் தகவலைத் தனி வகையாக வைத்துக் கூடுதல் பாதுகாப்புக் கொடுக்கிறது. அதை ஒரு வைத்தியசாலைக்குப் புரியும்படி விளக்கக்கூடியவர்கள் எங்கள் கண்ணில் அதிகம் படவில்லை.

இனி, எப்போது படிப்பது? முதற்பட்டம் முடிந்த கையோடு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இத்துறையில் பெரிதாக மதிக்கப்படும் சிஐஎஸ்எஸ்பி சான்றிதழைப் பாருங்கள். பரீட்சையில் சித்தியடைந்தாலும், எட்டுப் பரப்புகளில் இரண்டிலாவது 5 வருட வேலை அனுபவம் இருந்தால்தான் முழுத் தகுதி. துறை சார்ந்த பட்டத்துக்கு அதில் ஒரு வருடம் மட்டுமே கழிப்பார்கள். இரண்டு மூன்று வருடம் ஒரு வலையமைப்புப் பிரிவிலோ வங்கியிலோ வேலை செய்தால் மூன்றில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்பது தானாகத் தெரியவரும். உயிரியல் பிரிவில் படித்தவர்களுக்கும் வழி இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிஐடி வெளிவாரிப் பட்டத்திலிருந்து தொடங்கலாம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. காணியை ஈடு வைத்து, அம்மாவின் தாலிக்கொடியையும் அடகு வைத்து ஒரு வருட முதுமாணிக்கு லண்டன் போவதை எல்லோரும் பார்க்கிறோம். வெளிநாட்டில் குடியேறுவதுதான் நோக்கம் என்றால் அதை வீட்டில் வெளிப்படையாகச் சொல்லி, அதற்கேற்றபடி கணக்குப் பாருங்கள். படிப்புத்தான் நோக்கம் என்றால் வேறு வழிகளும் உண்டு. லண்டன் பல்கலைக்கழகத்தின் றோயல் ஹொலவே கல்லூரி 1992 இலேயே தகவல் பாதுகாப்பு முதுமாணியைத் தொடங்கிவிட்டது. அதைத் தொலைக்கல்வியாகவும் படிக்கும் வாய்ப்பை ஏற்படுத்தினார்கள். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியிலும் இத்துறையில் முதுமாணி உண்டு. வெள்ளி இரவு பஸ் ஏறிக் கொழும்பு போய், திங்கள் காலை வேலைக்குத் திரும்புவது லேசில்லை. ஆனாலும் காணி மிஞ்சும்.

எங்கே சேர்ந்தாலும் பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று கேளுங்கள். உள்நாட்டு முதுமாணி என்றால் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 9 ஆம் மட்டமா, 10 ஆம் மட்டமா என்றும் கேளுங்கள். முன்னையது பாடநெறி மட்டும், 30 கிரெடிட். பின்னையதில் ஆய்வும் உண்டு, 60 கிரெடிட். கலாநிதிப் பட்டம், விரிவுரையாளர் பதவி என்று மனதில் ஆசை இருந்தால் 10 ஆம் மட்டமே பொருத்தம். இதைப் பலர் சான்றிதழ் கையில் வந்தபிறகுதான் விசாரிக்கிறார்கள்.

எங்கள் வகுப்புத் தோழிகள் இருவர் இத்துறையில் இருக்கிறார்கள். ஒருவர் வங்கியில், மற்றவர் வெளிநாட்டில். நீங்கள் தெரிவு செய்யும் பாடத்திட்டத்தை வாசித்து அபிப்பிராயம் சொல்ல இருவரும் சம்மதித்துள்ளார்கள். விபரத்தைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். முற்பணம் கட்டுவதற்கு முன்னர் வாருங்கள்.