எத்தனை கான்ஜி தெரிந்தால் போதும்?

(ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குச் செல்ல விரும்புவோருக்கும் அவர்களின் பெற்றோருக்கும் நடந்த வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கான்ஜி என்றதும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. இது நோன்புக் கஞ்சி அல்ல, ஜப்பானியர் எழுதும் சீன வழி எழுத்து. ஹிராகனா, கட்டகானா என்று ஒலி எழுத்துகள் இரண்டு வகை உண்டு. ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்து 46. மதரஸாவில் அலிஃப், பே படித்த பிள்ளைக்கு அது ஒரு பாரமே இல்லை. பயமெல்லாம் கான்ஜியில்தான்.

"இரண்டாயிரம் எழுத்தாமே, என் பிள்ளையால் முடியுமா?" என்று ஒரு தாய் கேட்டார். கணக்கு சரிதான். ஜப்பான் அரசு 2010இல் திருத்தி வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2136 எழுத்துகள் உள்ளன. ஆனால் ஜப்பானியப் பிள்ளைகளே அதைப் படித்து முடிக்க ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன: தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1026, மீதி 1110 நடுநிலைப் பள்ளியில்.

இன்னொரு பக்கம், "பேச்சு வந்தால் போதும், எழுத்தெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதிகப் பயம் இவர்களிடம்தான்.

குறிப்பிட்ட திறன் பணியாளர் விசாவுக்கு என்-4 நிலைத் தேர்வோ, அதற்கு ஈடான அடிப்படை மொழித் தேர்வோ தேறியிருக்க வேண்டும். பராமரிப்பு வேலைக்கு அந்தத் துறைக்கான மொழித் தேர்வும் தனியாக உண்டு. என்-4க்கு இத்தனை கான்ஜி என்று அதிகாரபூர்வப் பட்டியல் கிடையாது. ஆசிரியர்கள் சுமார் 300 என்று வைத்துக்கொள்கிறார்கள். கையால் எழுதும் பகுதியும் இல்லை, விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். வேலையிடத்தில் கணினியிலோ கைப்பேசியிலோ குறிப்பு எழுதும்போதும் ஒலியைத் தட்டினால் கான்ஜி வரிசையாக வரும், சரியானதைத் தேர்ந்தெடுக்கலாம். எனவே பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்து மாதங்களைச் செலவழிக்காதீர்கள். பார்த்ததும் அடையாளம் காணப் பழகுங்கள்.

ஆனால் அந்த 300 வாசலைத் திறக்கும், அவ்வளவுதான். இந்த விசாவின் முதல் வகையில் மொத்தம் ஐந்து ஆண்டுகள்தான் இருக்கலாம். பொதுவாக மனைவி மக்களை அழைத்துக்கொள்ள முடியாது. அங்குள்ள தேசியப் பராமரிப்பாளர் தேர்வில் தேறினால் தொடர்ந்து தங்கலாம், குடும்பத்தையும் அழைக்கலாம். அந்தத் தேர்வு ஜப்பானிய மொழியில்தான் நடக்கிறது. கேட்டால் கான்ஜியின் அருகே ஒலி எழுத்து அச்சிட்ட வினாத்தாள் கொடுப்பார்கள். ஆனால் ஒலி தெரிந்தால் பொருள் தெரிந்துவிடுமா? சம்பளச் சீட்டில் 'கோஜோ' என்று இருந்தால் அது பிடித்தம். எதற்காக எவ்வளவு பிடித்தார்கள் என்று நீங்களே வாசிக்க வேண்டாமா? அதற்கெல்லாம் ஆயிரத்தை நோக்கி நடக்க வேண்டும். அன்றாடம் அடிக்கடி வரும் ஆயிரம் எழுத்து தெரிந்தால், செய்தித்தாளில் வரும் கான்ஜியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அடையாளம் தெரியும்.

எண்ணிக்கை மட்டும் ஏமாற்றும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் எழுத்துக்குப் பல வாசிப்புகள் உண்டு. 'சென்செய்' என்ற சொல்லில் 'செய்' என்று ஒலிக்கும் அதே எழுத்து, தனியே நின்றால் 'நாமா' ஆகிவிடும். பொருள் பச்சை, அதாவது வேகாதது. ஆகவே எழுத்தைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் சொல்லோடு சேர்த்துப் படியுங்கள். படுக்கைப் புண்ணுக்கு அவர்கள் சொல்வது 'ஜொக்குசோ'. அதன் இரண்டு எழுத்தும் 2136இல் இல்லவே இல்லை! பராமரிப்பு இல்லத்தில் உங்களுக்கு அது தெரியாமல் முடியாது. ஒரு முதியவரின் உடம்பைத் திருப்பிப் படுக்கவைப்பதா வேண்டாமா என்பது அந்தச் சொல்லில் இருக்கிறது. நல்ல வேளையாக, அதன் இரண்டாம் எழுத்தில் நோயைக் குறிக்கும் ஓர் உறுப்பு கூரைபோல் கவிந்திருக்கும். நோய், வலி, களைப்பு ஆகியவற்றுக்கான எழுத்துகளிலும் அதே கூரைதான். ஒன்றைப் பிடித்தால் மற்றவை கூடவே வரும்.

நமக்கென்று ஒரு தனிப் பட்டியலும் வேண்டும். பன்றியைக் குறிக்கும் எழுத்தின் வாசிப்பு 'புட்டா'. ஜப்பானியப் பிள்ளைகள் அதை நடுநிலைப் பள்ளியில்தான் படிக்கிறார்கள், நம் பாடநூல்களிலும் பின்னால்தான் வரும். உங்களுக்கோ கடைக்குப் போகும் முதல் நாளே தேவை. இறைச்சிக்கான 'நிக்கு', மதுவுக்கான 'சாக்கே' ஆகியவையும் அப்படித்தான். ஜெலட்டின், பன்றிக் கொழுப்பு போன்றவை கட்டகானாவில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

இப்போது 'புட்டா'வைப் பலகையில் எழுதுகிறேன். இடப்பக்கம் பாருங்கள், நிலாவுக்கான எழுத்துபோல் தெரிகிறது. இங்கே அதன் பொருள் சதை. மார்பு, வயிறு, இடுப்பு, கை, கால் என்று நீங்கள் தினமும் எழுதப்போகும் சொற்களிலும் இடப்பக்கம் இதுதான் நிற்கும். நோட்டை எடுங்கள், முதலில் இந்த ஆறையும் குறித்துக்கொள்வோம்.